ஏப்ரல் ஐந்து, ஆண்டு இல்லை

எனக்கு நான்கு நிமிடம்.
ஐந்து ஐம்பத்தாறுக்குத் தொடங்கி
ஆறு மணிச் செய்தி இசைக்கு முன்
வாயை மூடிவிட வேண்டும்.
நடுவில் நாற்பது செக்கன்
புத்தாண்டுச் சேலை மலிவு விற்பனைக்கு.

நிகழ்ச்சிக்குப் பெயர் 'இன்றைய நாள்'.
எனக்கு முன் இருந்தவர் விட்டுப்போனது
ஓர் இரும்பு இழுப்பறை, முந்நூற்று அறுபத்தாறு உறைகள்.
பெப்ரவரி இருபத்தொன்பதையும் அவர் மறக்கவில்லை.

ஏப்ரல் ஐந்துக்குள் மூன்று அட்டை.

முதலாவது, நாற்பத்திரண்டு. உயிர்த்த ஞாயிறு.
பூசைக்குப் போகிற நேரத்தில்
துறைமுகத்தின் மேல் ஜப்பான் விமானங்கள்.
குதிரைப் பந்தயத் திடலிலிருந்து
எதிர்த்து எழும்பின சில.
இப்போது அங்கே கோப்பி குடிக்கலாம்,
செருப்பு வாங்கலாம்.
அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரியிலும் குண்டு.
அதை என்னவென்று நினைத்துப் போட்டார்கள் என
எழுதி, வெட்டி, மறுபடி எழுதி
கடைசியில் ஒரு கேள்விக்குறியை மட்டும்
விட்டுவைத்திருந்தார்.

இரண்டாவது, எழுபத்தொன்று. திங்கள்.
பொலிஸ் நிலையங்களைத் தாக்க
இரவைத்தான் குறித்திருந்தார்கள் பொடியன்கள்.
வெல்லவாயவில் விடியவே வெடித்துவிட்டது.
அவசரப்பட்டுத் தொடங்கிய அந்த நாள்
முடிய எத்தனை மாதம் எடுத்தது,
எத்தனை பிள்ளைகளை எடுத்தது,
புத்தகத்துக்குப் புத்தகம் கணக்கு வேறு.
நான் 'ஆயிரக்கணக்கில்' என்று வாசிப்பேன்.
அந்தச் சொல்லுக்கு ஒரு செக்கன் போதும்.

மூன்றாவதில் பென்சில் எழுத்து:
மழை. 155 வரவில்லை.
அவ்வளவுதான். ஆண்டு இல்லை.

இன்று காலை சேலை விளம்பரம் சிக்கிக்கொண்டது.
கண்ணாடிக்கு அப்பால் ரிஸ்வி
இரண்டு கையாலும் காற்றில் இறப்பர் இழுத்தான்:
இழு, இன்னும் இழு.
வாயில் ஒன்றும் இல்லை, கையில் அட்டை இருந்தது.
வாசித்துவிட்டேன்:
"இதே நாளில் மழை பெய்தது.
நூற்று ஐம்பத்தைந்து பஸ் வரவில்லை."

செய்தி முடிவதற்குள் தொலைபேசி.

"எண்பத்தாறு, தங்கச்சி," என்றார் மட்டக்குளியிலிருந்து ஒருவர்,
"கொட்டாஞ்சேனை வரைக்கும் நனைந்து நடந்தேன்.
பிந்தினதால் வேலை போச்சு."

இல்லை, தொண்ணூற்றாறு என்றாள் ஒருத்தி.
மழைக்குள் எல்லாரையும் இறக்கி
அடையாள அட்டை பார்த்தார்களாம்.
நீலக் குடையை அங்கேயே விட்டுவந்தவள்
திரும்பிப் போய்க் கேட்கவில்லை.

பொரளையில் ஒரு குடும்பம்
டி சொய்சாவுக்கு மீன் லொறியில் போயிருக்கிறது.
"பிறந்தவனுக்கு இப்ப முப்பத்தொன்று, மிஸ்.
மீன் என்றால் தொடவே மாட்டான்."

ஒருவர் "மழையா?" என்று மட்டும் கேட்டார்.
கொஞ்ச நேரம் மூச்சு கேட்டது.
வைத்துவிட்டார்.

ஜப்பானைப் பற்றி யாரும் எடுக்கவில்லை.

கடைசி அழைப்பு, சிங்களம் தடவிய தமிழில்:
"எழுபத்தொன்று இல்லை, நோனா.
அன்றைக்கு மழை இல்லை.
நான் படுத்திருந்த நிலம் நல்லாக் காய்ஞ்சு இருந்தது."
எங்கே படுத்திருந்தீர்கள் என்று
கேட்க நினைத்தேன்.
ரிஸ்வி அடுத்த பாட்டைப் போட்டுவிட்டான்.

பதினொரு அழைப்பு. பதினொரு ஆண்டு.

பத்து மணிக்கு முகாமையாளர் யோகசௌந்தரியின் தாள்:
உறுதி செய்யாத தகவல் ஒலிபரப்பானது.
மூலம் என்ன? ஆண்டு என்ன?
இன்றே எழுத்தில் தரவும்.

மூலம் என்ற இடத்தில்
'பயணிகள்' என்று எழுதினேன்.
ஆண்டு என்ற இடத்தில்
பேனை கொஞ்சம் நின்றது. ஒரு புள்ளி விழுந்தது.
அப்படியே மடித்துக் கொடுத்தேன்.

பிறகு இழுப்பறையைத் திறந்து
அந்த அட்டையைப் பின்பக்கம் திருப்பி
அவருடைய பென்சிலைப் போலவே மெல்லியதாக:

வெயில். 155 வந்தது.
இருக்க இடம் இல்லை.